களப்பயிற்சியில் ஃபெயில்: சமூகப் பணிப் படிப்பில் இது நியாயமா?

மழைத்துளி | செவ்வாய், இரவு 11.20

வணக்கம். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரமாக யோசித்து இன்றுதான் எழுதுகிறேன்.

சமூகப் பணிப் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பாலிடெக்னிக் முடித்து நாலு வருடம் பாலர் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு, சேர்த்து வைத்த காசில் படிக்க வந்தவள். முதல் களப்பயிற்சியில் ஃபெயில் ஆகிவிட்டேன்.

10 வாரம், 400 மணி நேரம். ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. காய்ச்சல் வந்த அன்றும் மருந்து போட்டுக்கொண்டு போனேன். ஐந்தாம் வாரம் இடைக்கால மதிப்பீடு நடந்தது. "நன்றாக வளர்ந்து வருகிறார், குறிப்புகளில் இன்னும் ஆழம் வேண்டும்" என்று இருந்தது. அவ்வளவுதான். நானும் சரி, போகப் போகத் தேறிவிடுவோம் என்று நினைத்தேன்.

ஒன்பதாம் வாரம் வியாழக்கிழமை மேற்பார்வையாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். மேசையில் நான் எழுதிய புரோசஸ் ரெக்கார்டிங் தாள்கள் (உதவி பெற வருகிறவரோடு நடந்த பேச்சை எழுதி அலசும் குறிப்புகள்) இருந்தன, ஓரமெல்லாம் பென்சில் கோடு. "உன்னைத் தேர்ச்சி பெறச் செய்ய முடியாது என்று நினைக்கிறேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

முதல் களப்பயிற்சி முடிக்காமல் இரண்டாவதற்குப் போக முடியாது. அடுத்த வாய்ப்பு வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டும், அதனால் பட்டம் கிட்டத்தட்ட ஒரு வருடம் தள்ளிப் போகிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மேல்முறையீடு செய்தால் பயன் உண்டா? திரும்ப எடுத்தால் பழைய ஃபெயில் கணக்கில் நிற்குமா? அப்புறம், இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்: மனசார உழைத்த ஒருத்தியை இந்தப் படிப்பில் ஃபெயில் ஆக்குவது சரிதானா?

தோபாயோ தம்பி | செவ்வாய், இரவு 11.52

அக்கா, படித்ததும் மனசு கனத்துப் போச்சு. நான் கடைசி வருடம், இதே துறைதான்.

என் ஆத்திரம் முழுக்க பெல் கர்வ் மேல், அதாவது வகுப்பில் மற்றவரோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும் முறை மேல். மற்றவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் திறனை வளர்க்கிறோம் என்கிறார்கள். பிறகு அதே வகுப்பை வரிசையில் நிற்க வைத்து, இவன் அவனைவிட அரை மதிப்பெண் குறைவு என்று எழுத்து மாற்றுகிறார்கள். குழுப்பணியில் நான் படித்த கட்டுரையைப் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுத்தால் என் மதிப்பெண் குறையுமோ என்று எனக்கே ஒரு முறை தோன்றியது. அன்று ராத்திரி தூங்கவில்லை. சமூகப் பணி படிக்கிறவன் மனசில் வரக்கூடிய எண்ணமா அது?

களப்பயிற்சியாவது இதிலிருந்து விலகி நிற்கும் என்று நம்பினேன். அதிலும் இப்படியா?

கணக்குப்பிள்ளை | புதன், காலை 7.15

மழைத்துளி, முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் பல வருடம் ஒரு கல்வி நிலையத்தின் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்தவன். விதிகளைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் பல்கலைக்கழகம் எது என்று கேட்கவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். மாணவர் கையேட்டில் உங்கள் ஆண்டுக்கு உரிய பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ், ஃபெயில் என்ற சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே பொருள் கிடையாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 5 புள்ளி அளவுகோல். ஏ என்றால் 5, பி 3.5, சி 2, டி 1, எஃப் பூஜ்யம். டி எடுத்தாலும் பாடம் பாஸ். ஆனால் அதே பாடத்துக்கு எஸ்/யூ தெரிவை (எழுத்துக்குப் பதில் திருப்தி / திருப்தியில்லை என்று மட்டும் பதிவது) பயன்படுத்தினால், சி-க்குக் கீழே போனதெல்லாம் யூ, பாடம் முடித்ததாகச் சேராது. ஒரே பல்கலைக்கழகத்துக்குள் இரண்டு கோடு. ஒட்டுமொத்த ஜிபிஏ (எல்லாப் பாடங்களின் புள்ளிச் சராசரி) 2-க்குக் கீழே இறங்கினால் முதல் பருவம் எச்சரிக்கை, அடுத்த பருவமும் அப்படியே இருந்தால் கண்காணிப்பு, மூன்றாவதும் தொடர்ந்தால் வெளியேற்றம். சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் வேறு கணக்கு. பருவத்தில் செய்யும் பணிகளுக்கு 40, இறுதித் தேர்வு அல்லது அதற்குப் பதிலான இறுதி மதிப்பீட்டுக்கு 40 என்று இரண்டிலும் தனித்தனியே தாண்ட வேண்டும். பருவப் பணிகளில் 80 வாங்கி இறுதியில் 38 வாங்கினால் சராசரி காப்பாற்றாது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள் நிறையப் பேர் இதைப் பார்த்துப் பயப்படுவார்கள். எனக்கு அது நேர்மையான விதியாகத்தான் படுகிறது, ஏனென்றால் முதல் நாளே தெரிந்துவிடுகிறது.

திரும்ப எடுப்பதற்கு வருகிறேன். இதில் இரண்டு வழக்கம் உண்டு. பழைய எஃப்பை நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் எண்ணும் இடங்கள், இரண்டையும் எண்ணும் இடங்கள். வித்தியாசத்தைக் கணக்காகவே பாருங்கள். ஒன்பது பாடத்தில் பி, ஒன்றில் எஃப். எல்லாம் ஒரே எடை. ஜிபிஏ 3.15. அந்த ஒன்றைத் திரும்ப எடுத்து பி வாங்குகிறீர்கள். பழையதை நீக்கும் இடத்தில் 3.5. இரண்டையும் எண்ணும் இடத்தில் 3.18. மேலே சொன்ன 5 புள்ளி முறையில் 3.5 என்றால் மெரிட் நிலை ஹானர்ஸ், 3.18 என்றால் வெறும் ஹானர்ஸ். ஒரு பருவத்தின் சறுக்கல் பட்டச் சான்றிதழில் ஒரு சொல்லாக உட்கார்ந்துவிடுகிறது.

களப்பயிற்சிக்கு எழுத்தா, இல்லை தேர்ச்சி / தேர்ச்சியில்லை மட்டுமா என்பதை முதலில் பாருங்கள். வெறும் தேர்ச்சியில்லை என்றால் ஜிபிஏ-வைத் தொடாமல் போகலாம்.

மேல்முறையீடு பற்றி ஒரு உண்மை. "மேற்பார்வையாளர் என்னைத் தவறாக எடைபோட்டார்" என்று எழுதினால் பெரும்பாலும் நிற்காது. தொழில்முறைத் தீர்ப்பைக் குழு லேசில் மாற்றாது. "சொன்ன நடைமுறை நடக்கவில்லை" என்றால் நிற்கும். இடைக்கால மதிப்பீட்டில் எச்சரிக்கை இல்லாமல் ஒன்பதாம் வாரத்தில் ஃபெயில் என்று சொன்னது நடைமுறைப் பிரச்சினை. அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

ஜூரோங் அப்பா | புதன், காலை 9.03

என் மகனும் இந்தப் படிப்புதான். பிள்ளைகளைச் சேர்க்கும்போது "இரக்கம் உள்ளவர்களுக்கான படிப்பு" என்கிறார்கள். இரக்கத்துக்கு எப்படி மதிப்பெண் போடுவார்கள்?

இங்கே சிங்கப்பூரில் சமூகப் பணிக் கல்வி தொடங்கியது 1952-ல், அப்போதைய மலாயாப் பல்கலைக்கழகத்தில், இரண்டு வருட டிப்ளோமாவாக. நம் எஸ்.ஆர்.நாதன் அந்தப் படிப்பைத்தான் 1954-ல் முடித்தார். கடனில் தத்தளித்த வீட்டிலிருந்து ஓடி வந்து, வேலை பார்த்துக்கொண்டே படித்த மனிதர். 1955-ல் மருத்துவச் சமூக ஊழியராகத்தான் வேலையில் சேர்ந்தார். பிறகு கப்பல் தொழிலாளர் நலன். பிறகுதான் மற்றதெல்லாம், அதிபர் பதவி வரைக்கும். அவர் மாதிரி ஒருவரை இன்றைய பெல் கர்வ் எங்கே நிறுத்தியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

ஒரு பருவக் கட்டணம், ஒரு வருடச் சம்பளம், பிள்ளையின் மனசு. இதையெல்லாம் யோசித்துவிட்டு ஃபெயில் போடட்டும்.

நிலையத்து அக்கா | புதன், இரவு 9.40

ஜூரோங் அப்பா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நான் மேசையின் அந்தப் பக்கம் உட்காருகிறவள். குடும்பச் சேவை நிலையத்தில் 14 வருடம், அதில் 9 வருடம் மாணவர்களை மேற்பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை இரண்டு பேரை ஃபெயில் ஆக்கியிருக்கிறேன். இரண்டு முறையும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியவில்லை. ஆனால் எனக்கு இன்றைக்கும் உறுத்துவது அந்த இருவர் அல்ல. மனசு வராமல் பாஸ் போட்ட மூன்றாவது பிள்ளை. தங்கமான குணம், எல்லோருக்கும் பிடிக்கும், காலையில் முதல் ஆளாக வந்து காப்பி போட்டு வைக்கும். கிளையண்ட் அழுதால் தானும் சேர்ந்து அழும். ஆனால் கடினமான ஒரு கேள்வியைக்கூடக் கேட்காது. கணவன் அடிக்கிறானா என்று கேட்க வேண்டிய இடத்தில் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிவிட்டு வரும். "வேலையில் சேர்ந்தால் கற்றுக்கொள்ளும்" என்று கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருடம் கழித்து, வேறொரு நிலையத்தில் அந்தப் பிள்ளை பார்த்த குடும்பம் ஒன்று எங்களிடம் மாற்றி வந்தது. கோப்பைத் திறந்தேன். பதினோரு மாதக் குறிப்பு. கேட்க வேண்டிய கேள்வி ஒரு இடத்திலும் இல்லை. அந்த வீட்டுப் பெண் பதினோரு மாதம் யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தாள். அதில் என் கையெழுத்துக்கும் பங்கு உண்டு.

இதை நாங்கள் மட்டும் செய்வதில்லை. ஸ்காட்லாந்தில் கேத்லீன் டஃபி என்பவர் 2003-ல் தாதிமைப் பயிற்சியில் இதையே ஆராய்ந்தார். சந்தேகத்தின் பலனை மாணவருக்குக் கொடுத்து, ஃபெயில் ஆக வேண்டியவரைப் பாஸ் போட்டு அனுப்பிவிடுவது அங்கே வழக்கமாக இருப்பதைக் காட்டினார். சமூகப் பணியிலும் அதைப் பற்றிப் பேச்சு நிறைய இருக்கிறது.

நம் ஊரில் இது ஏன் இன்னும் முக்கியம் என்று சொல்கிறேன். அமெரிக்காவில் பட்டம் வாங்கின பிறகு உரிமத்துக்குத் தனித் தேர்வு இருக்கிறது. இங்கே வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் சட்டம் போட்ட வாசல் இருக்கிறது. சமூக ஊழியருக்கு 2009-லிருந்து சிங்கப்பூர் சமூக ஊழியர் சங்கத்தின் அங்கீகார முறை நடக்கிறது, பதிவு பெற்ற சமூக ஊழியர் என்ற தகுதி கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்காக உட்கார்ந்து எழுத வேண்டிய தேர்வு கிடையாது. பட்டத்தையும் பணியையும் நம்பித்தான் கொடுக்கிறார்கள். ஆகவே வாசலில் நிற்பது யார் என்று பார்த்தால், பாடத்தில் ஆசிரியர், களத்தில் நானும் என் போன்றவர்களும்தான். இரண்டு களப்பயிற்சி, 800 மணி நேரம். அதற்குள் நாங்கள் வாய் திறக்காவிட்டால் பிறகு யாரும் திறக்கப் போவதில்லை.

எனவே ஃபெயில் ஆக்குவது சரியா என்றால், சில நேரம் அதுதான் சரி. தோபாயோ தம்பி, பெல் கர்வ் விஷயத்தில் நீ சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். சக மாணவனைவிட மேலா கீழா என்பது கிளையண்டுக்கு ஒரு பொருட்டே இல்லை. இந்த வேலையை இந்த ஆள் பத்திரமாகச் செய்வாரா என்பதுதான் அவருக்கு வேண்டும். களப்பயிற்சியை அந்த அளவுகோலில்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் மழைத்துளி, உன் மேற்பார்வையாளர் செய்ததில் பெரிய பிழை இருக்கிறது. ஃபெயில் ஆகக்கூடும் என்ற சொல் ஐந்தாம் வாரத்துக்குள் உன் காதில் விழுந்திருக்க வேண்டும். "ஆழம் வேண்டும்" என்பது எச்சரிக்கையே அல்ல. எந்தத் தாளில், எந்த வரியில், எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று காட்டியிருக்க வேண்டும். பல்கலைக்கழக ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டு மூன்று பேரும் உட்கார்ந்து எழுத்தில் ஒரு திட்டம் போட்டிருக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பென்சில் கோடு போட்ட தாளில் என்ன இருந்தது?

இழைக் கண்காணிப்பு | புதன், இரவு 10.05

பல்கலைக்கழகம், நிலையம், மேற்பார்வையாளர் பெயர்களை யாரும் போட வேண்டாம். கிளையண்ட் பற்றி எழுதினால் அடையாளம் தெரியாதபடி எழுதுங்கள்.

மழைத்துளி | வியாழன், அதிகாலை 1.30

அக்கா, கோபம் இல்லை. யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று இருந்தேன் போல. இடம், வயது, குடும்ப விவரம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். பேச்சு மட்டும் அப்படியே.

வாடகை வீட்டில் தனியாக இருக்கும் தமிழ்ப் பாட்டி. நிலையத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதனால் என்னை அனுப்பினார்கள். மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது. நான் தமிழில் பேசிவிட்டு வந்து ஆங்கிலத்தில் நாலு பத்தியாகப் பிரித்து எழுத வேண்டும்: பேச்சு, என் உணர்வு, என் அலசல், நாலாவது அவர் கருத்துக்கு.

பாட்டி என்னைக் கண்டதும் நாற்காலியைத் துணியால் துடைத்துப் போட்டார். அடுப்பில் பால் வைத்தார். "எப்படி இருக்கீங்க பாட்டி" என்றேன். "இருக்கேன். ஏதோ ஓடுது" என்றார். நான் ஆங்கிலத்தில் "சமாளித்து வருகிறார்" என்று எழுதினேன். சாப்பிட்டீர்களா என்றேன். "ஒருத்திக்கு என்னத்தை ஆக்கறது" என்றார். "பசி குறைவு" என்று எழுதினேன். கிளம்பும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கென்னம்மா, கூப்பிட்டா போயிடுவேன். அந்தாளுதான் கூப்பிட மாட்டேங்கறான்" என்றார். நான் சிரித்து, "அப்படியெல்லாம் சொல்லாதீங்க பாட்டி, நூறு வயசு இருப்பீங்க" என்று சொல்லிவிட்டு மின்தூக்கிக்கு வந்துவிட்டேன். அதை எழுதவே இல்லை. எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. எங்கள் ஆச்சி தினம் சொல்வதுதானே.

மூன்றாவது முறை போனபோது இதையே மறுபடி சொன்னார். அப்போது பேச்சுப் பத்தியில் எழுதினேன். என் அலசல் பத்தியில் "முதியோர் வழக்கமாகப் பேசுவது" என்று போட்டேன். பென்சில் கோடு அந்த இடத்தில்தான். ஏன் கேட்கவில்லை, ஏன் உடனே சொல்லவில்லை என்று நாலாவது பத்தி நிறைய எழுதியிருந்தார். மறுநாளே வேறொரு ஊழியர் பாட்டியைப் போய்ப் பார்த்தார். பாட்டி நலமாக இருக்கிறார், இப்போது வாரம் இரண்டு நாள் பகல்நேரப் பராமரிப்புக்குப் போகிறார். ஆனால் பல நாளாக மாத்திரைகளை வேண்டுமென்றே சாப்பிடாமல் ஒதுக்கி வைத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.

இதை முதல் பதிவில் எழுதாமல் விட்டதற்கு மன்னியுங்கள்.

வெண்ணிலா | வியாழன், காலை 8.20

நான் மாணவியும் இல்லை, ஊழியரும் இல்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டுக்குச் சமூக ஊழியர்கள் வருவார்கள். பாதிப் பேர் பயிற்சி மாணவர்கள். பத்து வாரம் வருவார்கள், பழகுவார்கள், பிறகு ஒரு அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். என்னிடம் அந்த மாதிரி ஐந்து அட்டை இருக்கிறது.

அதில் இரண்டு பேரை மறக்க முடியாது. ஒருவர் என் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துப் பாராட்டிக்கொண்டே இருப்பார், அப்பா வீட்டில் இல்லாததைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார். இன்னொருவர் மாடிப்படியில் என்னோடு உட்கார்ந்து, "ராத்திரி அப்பா வரும்போது நீ எங்கே ஒளிஞ்சுக்குவே" என்று கேட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

முதலாமவருக்கு என்ன மதிப்பெண் கிடைத்ததோ தெரியாது. நல்லவர்தான். ஆனால் அவர் வந்து போன பத்து வாரமும் எனக்கு வீணாகப் போன பத்து வாரம்.

மழைத்துளி, நீங்கள் இங்கே வந்து அந்தப் பாட்டி சொன்னதை மறைக்காமல் எழுதினீர்கள். இரண்டாமவர் மாதிரி நீங்கள் ஆக முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தோபாயோ தம்பி | வியாழன், மதியம் 1.10

அக்கா எழுதியதைப் படித்த பிறகு நான் முதலில் எழுதியது அவசரம் என்று தெரிகிறது. ஆனாலும் ஒன்றை விட மாட்டேன்.

தமிழ் தெரியாத மேற்பார்வையாளர், தமிழில் நடந்த பேச்சு, ஆங்கிலத்தில் எழுதிய தாள். "ஏதோ ஓடுது" என்பதை "சமாளித்து வருகிறார்" என்று எழுதும்போதே பாதி போய்விட்டது. இதை மாணவியின் குறை என்று மட்டும் எப்படிச் சொல்வது? மாண்டரின் பேசும் மாணவன் மாண்டரின் பேசும் மேற்பார்வையாளரோடு உட்கார்ந்தால் இந்த இழப்பு இல்லை. எங்களை மட்டும் தமிழ் கேஸ் என்று தனியாக அனுப்புகிறார்கள், பக்கத்தில் கேட்டுத் திருத்த ஆள் இல்லை. மதிப்பீட்டுத் தாளில் இதற்கு ஒரு கட்டமும் இல்லை.

மெல்பர்ன் காற்று | வியாழன், மாலை 4.45

சிங்கப்பூரில் வளர்ந்து இப்போது ஆஸ்திரேலியாவில் சமூகப் பணி படிக்கிறேன். இங்கே களப்பயிற்சி மொத்தம் 1000 மணி நேரம். எனக்கே முதல் பயிற்சியில் நான்காம் வாரம் அபாய எச்சரிக்கை வந்தது. நிலைய மேற்பார்வையாளர், பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர், நான், மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஒரு பக்கத் தாளில் மூன்றே வரி: எதைச் செய்யவில்லை, எந்தத் தேதிக்குள் செய்து காட்ட வேண்டும், யார் பார்ப்பார்கள். கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது. ஆனால் அந்தத் தாள் இல்லாவிட்டால் நானும் ஒன்பதாம் வாரத்தில்தான் அழுதிருப்பேன். தப்பித்தேன்.

நிலையத்து அக்கா | வியாழன், இரவு 10.30

மழைத்துளி, இதற்கு மேல் பாட்டியைப் பற்றி இங்கே எழுத வேண்டாம், விவரம் மாற்றியிருந்தாலும். நீ எழுதியது போதும்.

நேராகச் சொல்கிறேன். வாசலில் சொன்னதை நீ விட்டது பெரிய தவறு. முதல் முறை விட்டதைக்கூட நான் மன்னித்திருப்பேன். மூன்றாவது முறை காதில் வாங்கி, தாளில் எழுதி, "வழக்கமாகப் பேசுவது" என்று மூடி வைத்தாயே, அதைப் பார்த்திருந்தால் நானும் அன்றே உன்னைக் கூப்பிட்டிருப்பேன். ஆனால் அன்றே. வாரக் கணக்கில் காத்திருந்து அல்ல. அன்றைக்குக் கூப்பிட்டு, பாட்டி வீட்டுக்கு உன்னையும் அழைத்துக்கொண்டு போய், எப்படிக் கேட்பது என்று உன் கண் முன்னால் காட்டியிருப்பேன். பிறகும் நீ கேட்காமல் இருந்தால் ஃபெயில், மறுபேச்சே இல்லை.

தம்பி சொன்ன மொழிப் பிரச்சினை உண்மை. நான் ஒரு வழி வைத்திருக்கிறேன், தமிழ் தெரியாத சக ஊழியர்களிடமும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முக்கியமான வாக்கியத்தை மொழிபெயர்க்காதே. அவர் சொன்ன சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது. அதன் கீழே ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல், அதற்கும் கீழே நம் ஆட்கள் இதை எந்தெந்த அர்த்தத்தில் சொல்வார்கள் என்று இரண்டு வரி. மூன்று அடுக்கு. படிக்கிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் இங்கே ஒரு விஷயம் இருக்கிறது என்று கண்ணில் படும். எழுதுகிறவளுக்கும் படும், அதுதான் பெரிய பயன். "கூப்பிட்டா போயிடுவேன்" என்று தமிழில் எழுதிவிட்டு இரண்டு அர்த்தத்தையும் கீழே எழுத உட்கார்ந்தால், கேட்காமல் வந்துவிட்டோமே என்று உனக்கே உறைத்துவிடும்.

கணக்குப்பிள்ளை | வெள்ளி, காலை 7.40

இப்போது விஷயம் தெளிவாகிவிட்டது. மேல்முறையீட்டில் "ஃபெயிலை ரத்து செய்யுங்கள்" என்று கேட்காதீர்கள். இரண்டு கேளுங்கள். ஒன்று, எச்சரிக்கை தாமதமானதைப் பதிவில் ஏற்க வேண்டும். இரண்டு, அடுத்த களப்பயிற்சியை வருடம் முழுக்கக் காத்திருக்காமல் கிடைக்கிற முதல் பருவத்தில் ஏற்பாடு செய்ய வேண்டும், முடிந்தால் தமிழ் தெரிந்த மேற்பார்வையாளரோடு. கொடுக்கக்கூடியதைக் கேட்டால் குழு காது கொடுக்கும். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.

ஜூரோங் அப்பா | வெள்ளி, காலை 8.15

அந்தப் பாட்டியின் இடத்தில் என் அம்மா இருந்தால் என்று நேற்று ராத்திரி நினைத்துப் பார்த்தேன். நான் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கட்டணம் பற்றிச் சொன்னதை மட்டும் பெற மாட்டேன். நிலையம் தாமதமாகச் சொன்னதற்குப் பிள்ளை ஏன் முழுக் கட்டணமும் திரும்பக் கட்ட வேண்டும்? மழைத்துளி, கடிதத்தில் அதையும் ஒரு வரி எழுதும்மா.

மழைத்துளி | அடுத்த புதன், இரவு 9.15

அம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பாட்டி இப்ப சாப்பிடறாங்களா" என்றுதான் முதலில் கேட்டார். அதற்குப் பிறகு நான் அழுதேன்.

ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தேன். கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன மாதிரி ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோனேன், கட்டணத்தைப் பற்றியும் ஒரு வரி. ஃபெயில் நிற்கிறது. எச்சரிக்கை தாமதம் என்பதைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள். ஜனவரியில் ஓர் இடம் கிடைக்கலாம் என்றார்கள், தமிழ் பேசும் மேற்பார்வையாளர் இருக்கிறாரா என்று விசாரிப்பதாகவும் சொன்னார்கள். எனக்கு வெறும் தேர்ச்சியில்லைதான், ஜிபிஏ-வில் சேரவில்லை. கட்டணத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை.

மூன்று அடுக்கு முறையைப் பழைய தாள்களை எடுத்து வைத்து வீட்டில் எழுதிப் பார்த்தேன். அக்கா, ஒன்று மட்டும் புரியவில்லை. எப்படிக் கேட்பது? பாடத்தில் ஆங்கிலத்தில் கேட்கச் சொல்லிக் கொடுத்தது வாயில் வந்துவிடுகிறது. தமிழில் ஒரு பாட்டியிடம் "சாகணும்னு நினைக்கிறீங்களா" என்று கேட்க நாக்கு எழவில்லை. மரியாதைக் குறைவாக, அபசகுனமாகத் தோன்றுகிறது.

நிலையத்து அக்கா | அடுத்த புதன், இரவு 10.50

எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் முதல் இரண்டு வருடம் தோன்றியது.

வாசலில் நின்றுகொண்டு கேட்காதே. திரும்ப உள்ளே போய் உட்கார். பால் வைத்துக் கொடுத்தால் வாங்கிக் குடி. அவர் சொன்ன சொல்லையே எடுத்துக்கொள், உன் சொல்லைப் போடாதே. நான் இப்படிக் கேட்பேன்: "பாட்டி, கூப்பிட்டா போயிடுவேன்னு சொன்னீங்களே. பெரியவங்க சும்மா சொல்றதுதானா, இல்ல நெசமாவே போயிடணும்னு மனசுல ஓடுதா?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு. நீ சமாதானம் சொல்லாதே, நூறு வயசு என்று சொல்லாதே. அநேகம் பேர் "சும்மா சொன்னேம்மா" என்று சிரிப்பார்கள். சிலர் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். அப்போது இரண்டாவது கேள்வி: "அப்படித் தோணறப்போ என்ன செய்வீங்க பாட்டி?" மாத்திரை விஷயம் அங்கேதான் வெளியே வரும். வந்தால் அவரைத் தனியே விட்டுவிட்டுக் கிளம்பாதே, அங்கிருந்தே மேற்பார்வையாளருக்கு போன் போடு. நிலையம் மூடியிருந்து யாரும் கிடைக்காவிட்டால் எஸ்ஓஎஸ் என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767, அது 24 மணி நேரமும் உண்டு.

இந்த வாக்கியத்தை உன் அம்மாவிடம் சொல்லிப் பழகு. கண்ணாடி முன்னால் வேண்டாம், ஆளிடம் சொல்லிப் பார். ஜனவரிக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை எனக்குத் தனிச் செய்தி அனுப்பு, நான் பாட்டியாக உட்காருகிறேன்.